கார்டு இருக்கிறது, டிரைவர் இல்லை

இன்றைக்கு எங்கள் ஊர் வானிலைச் சேதி மையத்தில் இருக்கிறவர்கள் நான்கு பேர். கம்ப்யூட்டர் முன்னால் அதைப் பார்த்துக்கொள்கிற டெல்பின். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டுக்கொண்டு ஊர்க் கமிட்டிச் செயலாளர் வென்சிலாஸ். தரையில், சுவரில் சாய்ந்து, போனில் சார்ஜ் ஏறட்டும் என்று காத்திருக்கிற பிலோமி மைனி, இறந்துபோன என் அண்ணனின் மனைவி. வாசல் பக்கம் ஸ்டூலில் நான், சூசைமரியான், மையத்தைத் திறந்து பெருக்கிப் பூட்டுகிறவன். சுவரில் மாதா படம் இருக்கிறது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜன்னல் வழியாகத் தெரிகிற கரையில் வள்ளங்கள் முப்பத்தெட்டு. வள்ளத்துக்கு நாலு பேர் வைத்தால் நூற்றைம்பத்திரண்டு பேர். அவர்கள் இந்த அறையில் இல்லை, ஆனால் அறையே அவர்களுக்காகத்தான் என்பதால் அவர்களையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒன்று மிச்சம். கம்ப்யூட்டரின் முதுகில் குட்டைக் கொம்புடன் துருத்திக்கொண்டிருக்கிற வயர்லெஸ் கார்டு. அது இருக்கிறதா இல்லையா என்பதுதான் மத்தியானம் கரண்ட் வந்ததிலிருந்து பேச்சு. இருக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன், நான்தான் தினமும் அதன் மேல் படிகிற உப்புப் பொடியைத் துணியால் துடைக்கிறேன். கம்ப்யூட்டரும் இருக்கிறது என்றே சொல்கிறது என்கிறாள் டெல்பின். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பதினோரு வரி வருகிறது, அதில் ஒன்பதாவது வரி கார்டின் பெயர். பிறகு இன்னொரு கட்டளை அடிக்கிறாள். அதில் மூன்று வரி வர வேண்டும், இரண்டுதான் வருகிறது. கடைசியில் சைபர் போட்ட ஒரு சொல் மூன்றாவதாக நிற்கும், அதன் வடிவம் எனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்தெல்லாம் வடிவம்தான். அந்த வடிவம் இல்லை. "கார்டு இருக்கு மாமா, டிரைவர்தான் இல்ல" என்கிறாள் டெல்பின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அத பேச வைக்கதுக்கு ஆளு இல்லாத மாதிரி."

எங்கள் ஊருக்குத் தரை வழியாக நெட் கிடையாது, போனிலும் பேச மட்டும்தான் முடியும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து காற்றில் வருகிறது, எங்கள் மாடியிலுள்ள கம்பித் தட்டு அதைப் பிடித்து, வயர் வழியாக இறக்கி, கார்டின் கொம்புக்குக் கொடுக்கிறது, கார்டு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. அந்தக் கடைசிக் கைமாற்றத்தைச் செய்வதுதான் டிரைவர். முன்னால் வேறு சிஸ்டம் இருந்தது, அதில் வைரஸ் ஏறி இரண்டு முறை படுத்துவிட்டது. பிறகு டவுனிலிருந்து ஒருவர் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். வைரஸ் வராது, ஆனால் இந்தக் கார்டுக்கு டிரைவர் கூட வராது, நாமே செய்து வைக்க வேண்டும் என்றார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்தார். திரை முழுக்க எழுத்து ஓடியது, மடிவலை இழுக்கும்போது கயிறு ஓடுகிற மாதிரி, பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அவர் இப்போது கத்தாரில். நேற்று சாயங்காலம் புதுப்பிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு டெல்பின் சரி என்று அமுக்கியிருக்கிறாள். சிஸ்டத்தின் நடுவே கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம், அது புதியதாக வந்துவிட்டது. டிரைவர் பழைய கெர்னலுக்கென்று அளவெடுத்துச் செய்தது. புதியதற்கு அது பொருந்தாது. பழையதையே போட்டுவிடக் கூடாதா என்று செயலாளர் கேட்டார். இடம் போதவில்லை என்று காட்டியது, அதனால் பழையதை நேற்றே அழித்துவிட்டேன் என்றாள் டெல்பின். அப்படியானால் புது டிரைவரை இறக்கு என்றார். நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும் என்றாள். அப்படியானால் நெட்டைப் போடு என்றார். நெட் வர டிரைவர் வேண்டும் என்றாள். பிலோமி மைனிதான் சிரித்தாள். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்தவள் கதை எங்கள் தெருவிலும் உண்டு என்றாள். நான் சிரிக்கவில்லை. டிரைவர் இருந்தால் நெட், நெட் இருந்தால் டிரைவர், என்று மனசு சுற்ற ஆரம்பித்துவிட்டது, செக்கு மாடு நின்ற பிறகும் தலை சுற்றுகிற மாதிரி. எந்த இடத்தில் கை வைத்து நிறுத்துவது. கடைசியில் செயலாளர் எழுந்தார். குளச்சலில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது, பென் டிரைவைக் கொடு, அங்கேயிருந்து பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். டெல்பின் கார்டின் நம்பரையும் புதுக் கெர்னலின் நம்பரையும் துண்டுத் தாளில் எழுதி மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். இதே நம்பர், ஒரு எழுத்து மாறினாலும் வேறு கார்டு என்று இரண்டு முறை சொன்னாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் சிலுவை நிற்கிற குருசடி வரை கேட்டது. ஆக அறையில் மூன்று பேர். சார்ஜ் பலகையில் சொருகியிருந்த போன்களை நான் எண்ணவில்லை. எதையும் எண்ணிவிடுகிறவன், அதை எண்ணவில்லை.

இனி காத்திருப்பது. காத்திருப்பது எனக்குப் பழக்கம், கடலிலும் அதுதான் வேலை, வலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. ஆனால் அங்கே கைக்குக் கீழே கயிறு இருக்கும், கயிறு ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கே ஸ்டூல். டெல்பினின் விரல் சத்தம். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிர்ரென்கிறது. வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது, அலை சின்னதாக, அடுக்கி வைத்த மாதிரி வருகிறது, கண்ணுக்கு நல்ல கடல்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் வள்ளத்தைத் தள்ள ஆரம்பிப்பார்கள். வழக்கமாக இந்நேரத்துக்குச் சேதி வந்திருக்கும், நாளை வரைக்கும் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று. டெல்பின் படித்துப் பார்ப்பாள். நல்ல சேதி என்றால் ஒன்றும் செய்ய மாட்டாள். ஆரம்பத்தில் தினமும் மைக்கில் சொன்னோம். காற்று இல்லை, அலை இல்லை, போகலாம், என்று தினமும். ஊருக்குச் சலித்துவிட்டது. குழந்தைகள் அதையே பாட்டாக்கிப் பாடின. மத்தியானம் தூங்குகிறவர்கள் திட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செயலாளர் எழுந்து, இனிமேல் ஆபத்து இருந்தால்தான் மைக் பேசும், மைக் பேசாவிட்டால் கடல் நல்லது என்று அர்த்தம், சம்மதமா என்று கேட்டார். எல்லோரும் சம்மதம் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. டெல்பினின் வீட்டுக்காரன் எட்பின் அதை வைத்து ஒரு கேலி உண்டாக்கினான். கரையில் யாராவது இன்றைக்குப் போகலாமா என்று கேட்டால், "என் பொண்டாட்டி வாயத் திறக்கலண்ணா கடல் நல்லாருக்குண்ணு அர்த்தம், வீட்டுலதான் அது நேர்மாறு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவன்தான் எப்போதும் முதலில் தள்ளுகிறவன். நீல வள்ளம், வெள்ளைக் கோடு.

மைக் பேசாவிட்டால் கடல் நல்லது. இந்த வாக்கியத்தில் ஏதோ இடிக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. உள்ளங்காலில் முள் குத்திய மாதிரி, தடவினால் தட்டுப்படாது, மிதித்தால் தெரியும். விட்டுவிட்டு வேறெதையாவது நினைக்கிறேன். டெல்பின் பழைய டிரைவரைச் செய்த மூலக் கோப்பு ஒரு மூலையில் கிடக்கிறது என்கிறாள், அதைப் புதிய கெர்னலுக்குத் திரும்பச் செய்து பார்க்கிறேன் என்கிறாள். எழுத்து ஓடுகிறது. நிற்கிறது. பிழை என்கிறது. மறுபடி ஓடவிடுகிறாள். மறுபடி அதே இடத்தில் நிற்கிறது. அவள் முதுகு வியர்த்து ரவிக்கை ஒட்டியிருக்கிறது. என்ன கேட்கிறது என்றேன். கெர்னலோடு கூட வர வேண்டிய சில கோப்புகள் இல்லை, அதையும் நெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றாள். ஓடி ஓடி அதே வாசலுக்குத்தான் வந்து நிற்கிறது. எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வருகிறது. ஏன் இப்போது. கோவிலில் சாமியார் என்னைப் பார்த்து இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்டார். எனக்குச் சம்மதம். உள்ளே சொல்லிவிட்டேன், தெளிவாக, நெஞ்சு முழுக்க. வாயில் வரவில்லை. நாக்கு இருந்தது, தொண்டை இருந்தது, காற்றும் இருந்தது. சாமியார் இரண்டாம் தடவை கேட்டார். பின்னால் பெஞ்சில் சளசளப்பு. பெண்ணுக்கு வேறு இடத்தில் யாரோ என்று பேச்சு வருமோ, மாப்பிள்ளைக்கு வேறு யாரோ என்று வருமோ. மூன்றாம் தடவை கேட்டபோது லூர்தம்மாள் முக்காட்டுக்குள்ளிருந்து என் விலாவில் கிள்ளினாள், அந்த வலியில் உம் என்று ஒரு சத்தம் வந்தது, சாமியார் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் லூர்தம்மாள் சண்டை வந்தால் நீர் சம்மதம் சொல்லவே இல்லையே என்பாள். கடலில் பேச வேண்டிய தேவை குறைவு. கையைக் காட்டினால் போதும். இடுப்பெலும்பு உடைந்து கரைக்கு வந்த பிறகுதான் பேச்சு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. மையத்தில் சேர்ந்தபோது செயலாளர் மைக்கையும் பழகிக்கொள்ளும் என்றார். முன்னால் போய் நின்றேன். இரும்பு வலைக்குள்ளிருந்து பழைய எச்சில் வாடை வந்தது. ஒன்று இரண்டு என்று சொல்லிப் பாரும் என்றார். என்னால் ஆயிரம் வரைக்கும் எண்ண முடியும், அதன் முன்னால் ஒன்று வரவில்லை. விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அதைத் துணி போட்டு மூடி வைப்பது மட்டும் என் வேலை.

வாசலில் நிழல் விழுகிறது. என் மகன் ரெமி. இடுப்பில் கைலியை உயர்த்திக் கட்டி, கையில் தண்ணீர் கேனோடு. அவனுடைய மஞ்சள் வள்ளத்துக்கு இன்னும் கடன்—அதை விடு, அதை இப்போது நினைக்க வேண்டாம். அவனுக்கும் எனக்கும் பேச்சு கம்மி. சண்டை ஒன்றுமில்லை, நான் பேச மாட்டேன், அவனும் என்னைப் போலவே. உள்ளே எட்டிப் பார்த்தான். டெல்பினின் முதுகு, ஓடுகிற எழுத்து, மைனியின் நீட்டிய கால். மாடியிலிருக்கிற ஒலிபெருக்கிக் குழாய்களை ஒரு பார்வை பார்த்தான். "மைக்குல ஒண்ணும் சொல்லலல்லா?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினேன். உண்மைதான், ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப சரி" என்றான். அவன் படியிறங்குகிறபோதுதான் முள் எங்கே இருக்கிறது என்று தட்டுப்பட்டது. நான் தலையாட்டியதற்கு ஒரு அர்த்தம், அவன் வாங்கிக்கொண்டதற்கு ஒரு அர்த்தம். இன்றைய மௌனம் மற்ற நாளின் மௌனம் இல்லை. மற்ற நாளில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். இன்றைக்குப் பார்க்கவே முடியாமல் பேசாமல் இருக்கிறோம். கரையிலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுதான். குழாய்க்கு வித்தியாசம் தெரியாது. ரெமி, என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவன் திரும்பவில்லை. மணலில் அவன் கால் புதைந்து புதைந்து போகிறது.

டெல்பினிடம் சொன்னேன். அவளிடம் என்னால் பேச முடியும், மகள் மாதிரி. மைக்கில் சேதி வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள், கண் சிவந்திருந்தது. "செயலாளர் வந்துருவாரு மாமா, வந்தா ரெண்டு நிமிசம்" என்றாள். ஆபத்து என்றால்தான் மைக் என்பது கமிட்டித் தீர்மானம், ஆபத்து என்று நமக்குத் தெரியாதே, தெரியாததைச் சொல்லிப் பயமுறுத்தினால் நாளைக்கு உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள் என்றாள். அதுவும் சரிதான். அவள் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வானிலை ஆபீசுக்கு இதற்குள் நான்கு முறை போன் போட்டுவிட்டாள், இரண்டாம் சனிக்கிழமை, மணி அடித்து அடித்து ஓய்கிறது. செயலாளர் இந்நேரம் குளச்சலில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியைக் கழற்றி மாட்டி நம்பரைப் படித்துக் காட்டியிருப்பார். அங்கே நெட் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில்—நான் எழுந்துவிட்டேன். இடுப்பு சுரீரென்றது. அங்கே நெட் இருக்கிறது என்றேன் டெல்பினிடம். ஆமா என்றாள். அங்கேயிருந்தே சேதியைப் பார்க்கலாமே என்றேன். காற்று எவ்வளவு அலை எவ்வளவு என்று அங்கேயே படித்து நமக்குப் போனில் சொல்லலாமே. டெல்பினின் கை அப்படியே நின்றது. மத்தியானத்திலிருந்து மூன்று பேர், மைனியோடு நாலு பேர், இந்த அறையில் உட்கார்ந்து டிரைவர் டிரைவர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். டிரைவர் எதற்கு என்பது ஒருவருக்கும் நினைவில் இல்லை. அவள் தன் போனை எடுத்துச் செயலாளரின் நம்பரை அமுக்கினாள். சார்ஜ் பலகையில் நான்கு போன் இருந்திருக்கிறது. அதில் மூன்றாவது, நீல விளக்கு மினுக்கி, மாதா பாட்டுப் பாடிக்கொண்டு, பலகை மேலேயே நகர ஆரம்பித்தது. பிலோமி மைனி அதை எடுத்துப் பார்த்தாள். "இந்தா பாடுதாரு உங்க செயலாளரு" என்றாள். அது பாடி முடிகிற வரைக்கும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரையில் ஐலேசா சத்தம் ஆரம்பித்துவிட்டது. நீல வள்ளம், வெள்ளைக் கோடு, முதலாவது. எட்பின் நின்றுகொண்டே எஞ்சினை இழுக்கிறான், இந்தப் பக்கம் திரும்பி ஒரு கையைத் தூக்குகிறான், தினமும் அப்படித்தான், அவளுக்கு. டெல்பின் பார்க்கவில்லை, வானிலை ஆபீசு நம்பரை மறுபடி அமுக்கிக்கொண்டிருக்கிறாள். ஓடிப் போய்ச் சொன்னால் என்ன. என் இடுப்போடு அந்த மணலில் இறங்கி நடந்தால் நான் ஒருவனிடம் சொல்வதற்குள் பத்து போய்விடும். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது வள்ளத்தில் இருக்கிறவன் பாடுகிறான். மைக் மூலையில் இருக்கிறது, நான் போட்ட துணிக்குள். அது வரைக்குமான தூரம் எனக்குத் தெரியும். என்ன சொல்வது. தெரியாது என்று எப்படிச் சொல்வது. மைக்கில் யாராவது தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாமியார் தெரிந்ததைச் சொல்வார், கட்சிக்காரர்கள் தெரிந்ததைச் சொல்வார்கள், மீன் விலை சொல்கிறவன் தெரிந்ததைச் சொல்வான். ஐந்தாவது. ஆறாவது மஞ்சள். ரெமி. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை, அவனுக்குக் கையைத் தூக்குகிற வழக்கம் இல்லை. அவன் போய்விட்டான், இனிச் சொன்னால் என்ன சொல்லாவிட்டால் என்ன, என்று ஒரு குரல் வந்தது. என் குரல்தான். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்தேன். ஏழாவது. துணியை எடுத்தேன். அதே எச்சில் வாடை. எட்டாவது. சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, மூடுகிறவனுக்குத் திறக்கத் தெரியவில்லை. டெல்பின் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அமுக்கினாள். நான் தேடிய அந்த நேரத்தில் ஒன்பதாவது தண்ணீரில் இறங்கிவிட்டது. "சொல்லுங்க மாமா" என்றாள். மாடியில் குழாய்கள் கூவி அடங்கின. கரையில் தலைகள் திரும்பின. கோவிலில் மூன்றாம் தடவை. கிள்ளுவதற்கு இங்கே ஆள் இல்லை. மஞ்சள் வள்ளம் சின்னதாகிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிற்கிற வள்ளங்களைப் பார்த்தேன், இடமிருந்து வலமாக எண்ணினேன், இருபத்தொன்பது, எண்ணி முடித்ததும் வாய் திறந்துகொண்டது.

"நான் சூசைமரியான் பேசுதேன். இண்ணைக்கு சேதி வரல. மைக்கு பேசலண்ணு கடல நம்பாதீங்க. மிசினு கெட்டுக் கெடக்கு. காத்து வருமா வராதாண்ணு எங்களுக்குத் தெரியாது. தெரியாதுண்ணுதான் சொல்லுதேன்."

என் சத்தம் மாடியில் போய், கோவில் சுவரில் இடித்து, திரும்பி என்னிடமே வந்தது, யாரோ வயசாளி பேசுகிற மாதிரி. கரையில் ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான், தெரியாததச் சொல்லதுக்கா மைக்கு வாங்கிப் போட்டுருக்கு என்று. சிரிப்பு. சிரித்துக்கொண்டே தள்ளுவதை நிறுத்தியிருந்தார்கள். பாதித் தண்ணீரில் இருந்த ஒரு வள்ளத்தைத் திரும்ப இழுத்தார்கள். இன்னும் ஒரு தடவை சொன்னேன், அதே வார்த்தைகளை, ஒன்றும் கூட்டாமல். பிலோமி மைனி எழுந்து நின்று சேலையைத் தட்டினாள். "கல்யாணத்துக்கு வராத சத்தம் கொழுந்தனாருக்கு இப்பல்லா வருது" என்றாள், ஆனால் சிரிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். போனது ஒன்பது. நின்றது இருபத்தொன்பது. கூட்டினால் முப்பத்தெட்டு, சரி. டெல்பின் ஜன்னலுக்கு வந்தாள். கரையை ஒரு முறை பார்த்தாள், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும். நீல வள்ளம் நிற்கிற இடத்தில் மணலில் பள்ளம் மட்டும் இருந்தது. "அவரு போயாச்சா?" என்றாள். முதலாவது என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், கையைத் தூக்கியதைச் சொல்லவில்லை. அவள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

செயலாளர் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சரியான கோப்புத்தான், எழுத்து மாறவில்லை, இரண்டு தடவை பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கேயே சேதியைப் பார்த்தீர்களா என்று டெல்பின் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் டிரைவர் எடுக்கத்தானே போனேன்" என்றார். சொல்லி முடித்த பிறகு அவர் முகம் மாறியது, பலகையில் கிடந்த தன் போனைப் பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டெல்பின் பென் டிரைவைச் சொருகினாள். எழுத்து ஓடியது, இந்தத் தடவை நிற்கவில்லை, பிழை என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு வரி அடித்தாள். கம்ப்யூட்டரின் முதுகில், நான் துடைக்கிற இடத்தில், பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது. கறுப்புத் திரையில் மூன்று வரி, மூன்றாவது வரியில் சைபர் போட்ட சொல். இத்தனை பாடும் இதற்குத்தான். அப்புறம் சேதி வந்தது. டெல்பின் வாசிக்கவில்லை, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். எழுத்து எனக்குத் தெரியாது, சிவப்புக் கட்டம் தெரியும். செயலாளர்தான் மைக்கை எடுத்தார். இன்று இருட்டும் முன்பே காற்று, மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், யாரும் போக வேண்டாம், வள்ளங்களை மேலே ஏற்றுங்கள் என்றார். பிறகு டெல்பின் போனை எடுத்தாள். ஒன்பது வள்ளத்துக்கும் ஒன்பது நம்பர், அவளுக்கு மனப்பாடம். முதலில் மற்ற எட்டு நம்பரை அமுக்கினாள். பேசினாள், திரும்புங்க என்றாள், சிலரிடம் இரண்டு தடவை சொன்னாள். ஒன்பதாவதை, எட்பினுடையதை, கடைசியில் அமுக்கினாள். காதில் வைத்தபடி இருந்தாள். எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொல்வது எனக்கும் கேட்டது, முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில்.

கரை முழுக்க ஆட்கள். கோவில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மோட்டார் சைக்கிள்களைத் தண்ணீர் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து விளக்கைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். காற்று வந்துவிட்டது, முதலில் மணலைக் கிளப்பி, பிறகு தண்ணீரை. அலைகள் அடுக்கு கலைந்துவிட்டன. என்னை யாரோ நாற்காலி போட்டுக் கரை மேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒன்று வந்தது, கிட்டத்தில் போனவன். இரண்டு. மூன்றும் நாலும் சேர்ந்தாற்போல் வந்தன. ஐந்தாவது கரையேறும்போது குப்புறக் கவிழ்ந்தது, ஆள் நாலும் எழுந்து நடந்தார்கள், அதனால் வந்த கணக்குத்தான். ஆறு. லூர்தம்மாள் என் பின்னால் நின்று செபமாலை உருட்டுகிறாள், மணி மணியாக, அவளுடைய எண்ணிக்கை அது. பிறகு விளக்கு வெளிச்சத்துக்குள் ஒரு மஞ்சள் மூக்கு நுழைந்தது. ஏழு. ரெமி நெஞ்சளவு தண்ணீரில் குதித்து இழுத்துக்கொண்டு வந்தான். நனைந்து நடுங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து நின்றான். என் கை அவன் முழங்கையைப் பிடித்திருந்தது, எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், வீட்டுக்குப் போகலாம், முடிந்தது என்று உள்ளே ஏதோ நாற்காலியை மடக்குகிறது. முடியவில்லை. என்னுடையது வந்தால் எண்ணிக்கை முடிகிறதென்று யார் சொன்னது. எழுந்திருக்க மாட்டேன். "எட்பின் எங்களுக்கும் மேக்க போனான்பா" என்றான் ரெமி, தாழ்ந்த குரலில். "கைகாட்டிக் கூப்பிட்டேன். ஒண்ணும் ஆவாது, அவ பேசலல்லாண்ணு சிரிச்சிட்டுப் போனான்." அதை அவன் சொன்னபோது டெல்பின் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், போன் காதிலேயே இருந்தது, காற்றில் கேட்டதோ இல்லையோ. மேட்டுக்குப் பின்னால் மையத்தின் ஜன்னல் திறந்திருக்கிறது, உள்ளே பச்சை விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வெளிச்சம் அலைக்கு மேலே ஏறி இறங்கி வந்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சிவப்பு. எட்டு. டெல்பின் என் பக்கம் திரும்பி எத்தனை மாமா என்று கேட்டாள். இந்தத் தடவை குரல் உடனே வந்தது. போனது ஒன்பது, வந்தது எட்டு, மீதி ஒன்று.